ஐந்து புள்ளி ஒன்று

சித்திரை. இரவு பதினொன்றே கால்.
செவ்வாய்ப்பேட்டை மாடி அறை.
கீழே வெள்ளிப் பட்டறையில்
கொலுசு மெருகிடும் மோட்டார் ஓய்ந்துவிட்டது.
அறைக்குள் முப்பத்து நான்கு டிகிரி.
தஸ்தகீர் கேட்கிறான்: போடலாமா?
போடு.

எட்டுக் கோர்களுக்கும் ஒரே வேலை.
பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கு,
விடை சொல்.
விடை எங்களிடம் முன்பே இருக்கிறது.
யாருக்கும் வேண்டாத விடை.
எப்போது பிசகும் என்று பார்க்கத்தான்
இவ்வளவு கரண்ட்.

கம்பெனி விதித்தது நான்கு புள்ளி ஆறு.
நாங்கள் ஏற்றியது ஐந்து புள்ளி ஒன்று.
ஏற்றியதைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்,
போதும் என்று இலையை மறித்த கைமேலேயே
சோற்றை வைப்பதுபோல.
குணாளன் கேட்டது அப்படி.
அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்.
வைகாசியில் ஒன்பது முகூர்த்தம்.
"காசு அதேதான், வேகம் மட்டும் கூட்டிக் குடுங்க."

எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று.
தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்தோம்.
பீட்ரூட் துருவல் கீபோர்டில் சிந்தியது.
தொண்ணூற்று மூன்றில் நின்றது சூடு.
ஃபேன் ஒரே சுருதியில் இழுத்தது.

தினமும் இதே நேரம் அக்கா போன் செய்வாள்.
சாப்பிட்டியா?
விடை அவளுக்குத் தெரியும்.
அதைச் சொல்லும் குரலைத்தான்
அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றே முக்காலுக்கு
ஆறாவது கோர் பிசகியது.
மிச்சம் நாற்பது பைசாவுக்குள் நிற்கவேண்டிய கணக்கில்
ஐம்பது பைசா காட்டியது.
அவ்வளவுதான்.
திரை அணையவில்லை, புகை இல்லை.
மற்ற ஏழும் திரும்பிக்கூடப் பாராமல்
பெருக்கிக்கொண்டே இருந்தன.
நீலத்திரை வந்து விழுந்திருந்தால் நிம்மதி.
விழுந்தால் ஊருக்கே தெரியும்.
இது நின்றபடியே தவறுவது.
மணப்பெண் கழுத்தில் ஒரு ஃப்ரேமில் மட்டும்
தாலிக்குப் பதில் பச்சைக் கட்டம்,
அதை யார் பார்க்கப்போகிறார்கள்
என்று சொல்லிவிடலாம்.
எவளோ ஒருத்தி பார்ப்பாள்.

மறுநாள் மாலை ஆம்னியில் ஏற்றினோம்.
கேபினெட்டுக்குப் போர்வை சுற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றிலும் அது என் விலாவில் சாய்ந்தது.
ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம்,
அருள்சீலி கணக்குப் பார்க்கும் காப்பிக் குடோன்.
மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளக் பாயின்ட்.
ஜன்னலைத் திறந்ததும்
பதினெட்டு டிகிரி உள்ளே வந்து உட்கார்ந்தது.

விடிய விடிய ஒரு பிழை இல்லை.
எழுபத்தாறைத் தாண்டவில்லை.
ஆறாவது கோர்
அடித்துப்போட்டாலும் ஒரே விடைதான் சொல்வேன் என்றது.
பன்னிரண்டு மணி நேரம்.
தஸ்தகீர் திரையைப் போட்டோ எடுத்தான்.
"இதையே காட்டிரலாம்டா."

பொய்யில்லை.
அங்கே, அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்,
முழு உண்மை.

இறங்கும்போது பத்தாம் வளைவில் காது அடைத்தது.
அடிவாரம் வருவதற்குள்
வெக்கை ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டது.
நான் நினைத்துக்கொண்டிருந்தது
குணாளன் கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை.
மதியம் இரண்டு மணியை.

நேரே அங்கேயே கொண்டுபோய் வைத்தோம்.
ஐந்தில் நாற்பது நிமிஷம்.
நான்கு புள்ளி ஒன்பதில் மூன்று மணி நேரம்.
நான்கு புள்ளி எட்டில்
கடைக்கு ஷட்டர் இறக்கி,
மறுநாள் திறந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.
பிசகாது என்று அதற்கு அர்த்தமில்லை.
இதுவரை பிசகவில்லை. அவ்வளவே எங்கள் சான்று.

"அப்போ ஐந்து வராதா?" என்றார் குணாளன்.
வரும்ணே. ஏற்காட்டுல வரும்.
அவர் சிரிக்கவில்லை.
ஐந்நூறு குறைத்துக் கொடுத்தார்.

தஸ்தகீர் போனில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது.
ஐந்து புள்ளி ஒன்று, பிழை பூஜ்யம்.
டீக்கடையில் யார் கேட்டாலும் காட்டுகிறான்,
ஓரத்து ஜன்னலில் தெரிந்த காப்பிச் செடியை
வெட்டிவிட்டு.